பத்தியத்தில் சேராத ஊசி

ராஜகீழ்ப்பாக்கம்
12.6.2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

கஸ்தூரிரங்கன் எழுதுகிறேன். இனி என்னுடன் பேச்சே கிடையாது என்று போன வாரம் போனில் சொன்னீர்கள். அதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். பேச்சு கிடையாது என்றுதான் சொன்னீர்கள். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் புரிந்துகொண்டது தவறானால் இத்துடன் கடிதத்தை மடித்து வைத்துவிடலாம்.

மடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன்.

முதலில் ஐஸ்கிரீம். ஜங்ஷன் கடையில் ப்ரியாவுக்கு ஒரு கப் வாங்கிக் கொடுத்தது நான்தான். சின்ன கப். "மாமா, பிள்ளை பெத்ததிலேருந்து பூண்டு தின்னு தின்னு என் பக்கத்துல எனக்கே நிக்க முடியல" என்று அவள் சொன்னபோது, நீங்கள் விதித்த பத்தியம் என் நினைவில் இருந்தது. ஆனாலும் கை பர்ஸுக்குப் போய்விட்டது. குழந்தை மாளவிகா போனில் தும்மியதை நீங்கள் கேட்டீர்கள். அவள் அன்று காலையிலிருந்தே, அதாவது ஐஸ்கிரீமுக்கு முன்பிருந்தே, தும்மிக்கொண்டிருந்தாள். இதற்கு என்னிடம் சாட்சி இல்லை.

இப்போது எழுத வந்தது வேறு. மார்ச்சில் உங்களுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து நடந்ததெல்லாம் நீங்கள் பட்டதுதான். நான் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அடங்கியிருக்கிறது, ஸ்டெம் செல் மாற்றாவிட்டால் திரும்பிவிடும் என்று டாக்டர் ஜீவிதா சொல்கிறார். உங்கள் அண்ணாவுக்குப் பொருந்தவில்லை. ஒரே மகள் ப்ரியாவுக்குப் பாதிப் பொருத்தம், அது போதுமாம். செல் எடுக்கும் முன் அவளுக்குச் சில நாள் ஊசி போட வேண்டும். ஆனால் நீங்கள், "பொண்ணோட பால்ல மருந்தைக் கலந்து பேத்தி வாயில ஊத்தித்தான் நான் பொழைக்கணுமா" என்று கேட்டுவிட்டதாக என் மகன் நிகில் வந்து சொன்னான். அன்று இங்கே யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் டாக்டர் இல்லை. எடையளவுத் துறையில் தராசுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கேட்டுவர முடியும். உங்கள் கேள்விகளை அனுப்பினால் நிகில் அலுவலகம் போகிற வழியில் வந்து வாங்கிக்கொள்வான்.

பணிவுடன்,
கஸ்தூரிரங்கன்


பொழிச்சலூர்
14.6.2025

சம்பந்தி அவர்களுக்கு,

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டது என் தப்புதான். இத்தனை வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் இப்படி ஓட்டை வைத்துப் பேசியிருக்கக் கூடாது.

ஐஸ்கிரீம் விஷயத்தில் தீர்ப்பு மாறவில்லை. சின்ன கப், பெரிய கப் என்பதெல்லாம் உங்கள் துறைக் கவலை.

என் கேள்வி ஒன்றுதான். இந்த வருஷம் பலாப்பழம் வந்தபோது ஒரு சுளை கேட்டாள் ப்ரியா. பாலில் இறங்கிக் குழந்தைக்கு வயிறு உப்பும் என்று கையிலிருந்ததைப் பிடுங்கி வைத்தேன். ஒரு சுளை பாலில் இறங்கும் என்று நம்புகிறவள் நான். எலும்புக்குள் குடியிருக்கிற செல்லையே ரத்தத்துக்குத் துரத்திவிடுகிற ஊசி பாலில் இறங்காது என்று எந்த முகத்தோடு நம்புவது? இடுப்பெலும்பிலிருந்து ஊசி மருந்தே இல்லாமல் எடுக்கலாமாமே, அதை ஏன் பேசவில்லை? இன்னொன்று, இடையில் ப்ரியாவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தால் வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகும்? இதை நீங்கள் கேட்கக் கூச்சப்படுவீர்கள். ஆகவே வேண்டுமென்றே எழுதுகிறேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள அனகாபுத்தூரிலிருந்து வருகிற ரோஸி, "இன்னாமா பேஜாரு பண்ற, நீ பூட்டா அந்தக் கொயந்தைக்கு ஆயா வேணாமா" என்கிறாள். ஆயா வேண்டும்தான். ஆனால் குழந்தையின் வாயிலிருந்து பாலை எடுத்துப் பிழைக்கிற ஆயாவாக இருக்க என்னால் ஆகாது. இங்கே விமானம் தலைக்கு மேல் போகும்போது யாரும் பேச முடியாது. எனக்கு யோசனை வருவதே அப்போதுதான். எத்தனை விமானம் போனாலும் இதே விடைதான் வருகிறது.

நாகலக்ஷ்மி


ராஜகீழ்ப்பாக்கம்
21.6.2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

நேற்று டாக்டரைப் பார்த்தோம். கேள்விகளைத் தெளிவாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆனால் அறைக்குள் போனதும் அங்கிருந்த எடை பார்க்கும் கருவியில் இந்த ஆண்டு முத்திரை இல்லாததைக் கவனித்துவிட்டேன். சொல்வதா வேண்டாமா என்று தடுமாறித் தாளைப் பிரிக்க மறந்துவிட்டேன். ப்ரியா தாளைப் பிடுங்கி அவளே படித்தாள்.

டாக்டர் ஜீவிதா சொன்னதை இயன்றவரை அப்படியே எழுதுகிறேன். ஊசியின் பெயர் ஃபில்கிராஸ்டிம். நான்கைந்து நாள், தினமும் தோலுக்கடியில் போடுவார்கள். பிறகு கையில் குழாய் வைத்து ஒரு கருவி ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி உள்ளே விடும். "பாலில் வருமா" என்றதற்கு அவர், "கொஞ்சம் வரலாம்மா. அது புரதம். குழந்தை வயித்துக்குப் போனா பெரும்பாலும் செரிச்சுடும். வெள்ளணு குறைஞ்சு பொறக்கிற குழந்தைகளுக்கு நாங்களே இந்த மருந்தைப் போட்டிருக்கோம். ஆனா பால் கொடுக்கிற அம்மாக்கள் கிட்ட பண்ணின ஆராய்ச்சி ரொம்பக் கம்மி. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். அதனால ஊசி போடுற நாளும், கடைசி ஊசிக்கப்புறம் நாங்க சொல்ற வரைக்கும் இன்னும் சில நாளும், பாலைப் பிழிஞ்சு கொட்டிடணும். குழந்தைக்கு முன்னாடியே சேர்த்து வெச்ச பால்" என்றார். செல் போதாவிட்டால் இரண்டாவதாக ஒரு மருந்து உண்டாம். அது பாலில் வருமா என்பதற்குத் தகவலே இல்லாததால் அதைப் போட்டால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டுமாம்.

இடுப்பெலும்பிலிருந்து எடுக்கலாம்தான். ஆனால் அதற்கு முழு மயக்கம் வேண்டும். சிசேரியனுக்குப் பிறகு ப்ரியாவுக்கு ரத்தம் இன்னும் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் தயங்குகிறார்.

உங்கள் கடைசிக் கேள்வி வந்தபோது நான் சுவரிலிருந்த தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைப் படிக்கத் தொடங்கினேன். கர்ப்பம் என்றால் இந்த வழியே கிடையாது, ஊசிக்கு முன் பரிசோதனை செய்துதான் தீர வேண்டும் என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. "இப்ப ஏதாவது இருக்கா" என்று அவர் கேட்க, "இது ஒண்ணுக்கே எனக்குத் தூக்கமில்ல டாக்டர்" என்றாள் ப்ரியா. தீயணைப்புக் கருவிக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்து, டாக்டர் கொடுத்த அந்த ஊசியின் மருந்துத் தாளைப் படித்தேன். பாலூட்டுகிறவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வீட்டிலிருந்த எல்லா மருந்தின் தாளையும் படித்தேன். என் மூட்டுவலித் தைலத்திலும் அதே வாக்கியம் இருக்கிறது. ஆகவே அந்த வாக்கியத்தை மட்டும் கண்டு பயப்படத் தேவையில்லை என்று எனக்குப் படுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

கஸ்தூரிரங்கன்


பொழிச்சலூர்
24.6.2025

சம்பந்தி அவர்களுக்கு,

தைலம் தடவிய கையோடு குழந்தையைத் தூக்குகிறீர்களா? இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

டாக்டர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் பயமும் கூடுகிறது. சரி, மருந்தை விடுங்கள். பாலைக் கொட்டிவிட்டால் குழந்தை என்ன குடிக்கும்? சேர்த்து வைத்ததைப் பாலாடைச் சங்கில் ஊற்றுவீர்களாக்கும். ஒரு மாதக் குழந்தையாக இருந்தபோது இருமல் மருந்தைப் பாலாடையில் கொடுக்கப் போய், என் புடவையெல்லாம் துப்பினவள் அவள். தாயிடம் தவிர வேறு எதிலும் குடிக்க மாட்டாள். அத்தனை நாள் பட்டினியாக அழுவாள். நான், செல் ஏற்றுவதற்காகத் தனியாக அடைத்து வைக்கிற கண்ணாடி அறைக்குள் படுத்துக்கொண்டு அதை நினைத்துக்கொண்டிருப்பேன். அப்படி வருகிற செல் எனக்கு ஒட்டாது.

நான் இருப்பதைக் கொண்டு இருந்துவிட்டுப் போகிறேன். ப்ரியாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அழுதால் பால் குறையும்.

நாகலக்ஷ்மி


ராஜகீழ்ப்பாக்கம்
2.7.2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

தைலத்தை நிறுத்திவிட்டேன். மூட்டு வலிக்கிறது. பரவாயில்லை.

பாலாடை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. இப்போதிருந்தே பழக்கிப் பார்க்கிறோம். ப்ரியா கொடுத்தால் மாளவிகா துப்புகிறாள். நிகில் கொடுத்தால் பாலாடையைத் தட்டிவிடுகிறாள். நான்காம் நாள் அவர்கள் இருவரும் சோர்ந்து போய் என் மடியில் போட்டார்கள். அப்போது நான் மருந்துத் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். சத்தமாகப் படிப்பது என் வழக்கம். "எலும்பு வலி, தலைவலி, சோர்வு, அரிதாக மண்ணீரல் வீக்கம்" என்று படித்துக்கொண்டே பாலாடையைச் சாய்த்தேன். கண்ணை மூடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு முழுவதும் குடித்தாள். தற்செயலாக இருக்கலாம் என்று மறுநாளும் செய்து பார்த்தேன். பக்கவிளைவுகளுக்குத்தான் குடிக்கிறாள். மருந்தை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்ற பகுதி வந்தால் வாயை மூடிக்கொள்கிறாள்.

பிரீசரில் பால் சேர்ந்துகொண்டிருக்கிறது. ப்ரியா தினமும் கொஞ்சம் எடுத்து வைக்கிறாள். வரும் சனிக்கிழமை அவளுடைய உடல்தகுதிப் பரிசோதனைக்குக் குழந்தையுடன் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

மாதக் கடைசியில் உங்களுக்குப் படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள். அதைத் தவறவிட்டால், அடங்கியிருப்பது அடுத்த படுக்கை கிடைக்கும்வரை அடங்கியே இருக்கும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தத் தெரிந்தவனாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கஸ்தூரிரங்கன்


பொழிச்சலூர்
6.7.2025

சம்பந்தி அவர்களுக்கு,

பாலாடையில் குடிக்கிறாள் என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. நேரில் பிடிக்கலாம் என்று நேற்று ரோஸியைக் கூட்டிக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் வந்தேன். சனிக்கிழமை என்று நீங்கள் எழுதியிருந்தது மறந்துபோயிற்று. இந்த மருந்துகள் ஞாபகத்தைத் தின்கின்றன. பக்கத்து வீட்டு லோகநாதன் சாவி கொடுத்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. திரும்பிவிட்டோம்.

வந்ததற்குப் பலனாக ஒன்று கண்டுபிடித்தேன். எனக்கு மயக்கமாக வந்ததால் ரோஸி காபி போட்டாள். வீட்டில் வேறு பால் இல்லையாம். பிரீசரில் "க. ரங்கன்" என்று உங்கள் பெயரும் தேதியும் ஒட்டிய கிண்ணங்கள் வரிசையாக இருந்ததாம். "உங்க சம்மந்தி தனக்குன்னு தனியா பாலு வச்சிக்கினு கீறாரும்மா" என்று சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் காய்ச்சினாள். பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டில் தன் காபிக்கென்று பாலைப் பூட்டி வைக்கிற மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அதுவும் என்ன பால் அது. தண்ணீராக இருந்தது. சர்க்கரை போடாமலேயே தித்தித்தது. ஊரெல்லாம் அளவு சரிபார்த்தவர் வீட்டிலேயே பால்காரன் கலப்படம் செய்கிறான். ஆளை மாற்றுங்கள். ஆனால் மயக்கம் நின்றது, ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்ல வேண்டும்.

என் முடிவு அதேதான். குழந்தைக்கு உரியதில் ஒரு சொட்டுகூட நான் கை வைக்க மாட்டேன். இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

நாகலக்ஷ்மி


ராஜகீழ்ப்பாக்கம்
8.7.2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நிகில் சொன்னான். ப்ரியா சமையலறைக்குள் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகிவிட்டதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் பால்காரர் நேர்மையானவர். அவர்மேல் பழி நிற்கக் கூடாது என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

அது ப்ரியாவின் பால்.

கிண்ணங்களில் "அம்மா பால்" என்று தேதியோடு எழுதி ஒட்டச் சொன்னாள் ப்ரியா. பேனாவை எடுத்தேன். மருமகளுடைய பாலைப் பற்றி மாமனார் கைப்பட எழுதுவது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் மாதிரி எடுத்தால் எடுத்த அதிகாரியின் பெயரையும் தேதியையும்தான் எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

குழந்தைக்குக் குறைவொன்றும் இல்லை. அவளுடைய பங்கில் ஒரு கிண்ணம் போனது அவளுக்குத் தெரியாது. வந்ததும் மண்ணீரல் வீக்கம் வரை கேட்டுக் குடித்துவிட்டுத் தூங்கினாள். ப்ரியா மறுநாளே வேறு கிண்ணம் நிரப்பிவிட்டாள். உங்களுக்கு வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்கச் சொன்னாள். டாக்டரிடமும் கேட்டுவிட்டேன். கொதிக்க வைத்ததுதானே, ஒன்றும் ஆகாது என்றார். வெகுநேரம் கழித்துத்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

கஸ்தூரிரங்கன்


பொழிச்சலூர்
9.7.2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரோஸி பயந்துபோய் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ஒரு விமானம் போனதே தெரியவில்லை. "பொண்ணு பாலை ஊதி ஊதிக் குட்ச்சுட்டு, தண்ணின்னு கொறை வேற சொன்னியேம்மா" என்கிறாள்.

சொட்டுகூடக் கை வைக்க மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். சனிக்கிழமையே ஒரு டம்ளர் குடித்து முடித்திருக்கிறேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

ராத்திரி யோசித்தேன். நான் பயந்தது பாலுக்கு மட்டும் இல்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு, வலியைப் பட்டு, பாலைக் கொட்டி, அவ்வளவும் செய்த பிறகு நான் பிழைக்காமல் போனால், ப்ரியா ஆயுசுக்கும் கொட்டின பாலையே நினைத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சுமையை அவளுக்கு வைக்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் கிண்ணம் காலியானதும் மறுநாளே நிரப்பிவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்கவும் இல்லை, கணக்குப் பார்க்கவும் இல்லை. அவள் அப்படித்தான் கொடுக்கிறாள் என்றால் நான் எதற்கு நடுவில் நின்றுகொண்டு சுளையைப் பிடுங்க வேண்டும்?

கையெழுத்துப் போடுகிறேன். கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் ஒரு ஊசியும் கூடாது. டாக்டர் சொல்லும் வரை ஒரு சொட்டும் குழந்தைக்குக் கூடாது. காபி விஷயம் மாளவிகாவுக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது.

பேச்சு இன்னும் கிடையாது. ஐஸ்கிரீம் வழக்கு தனி.

நாகலக்ஷ்மி


ராஜகீழ்ப்பாக்கம்
4.8.2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் அறைக்குள் காகிதத்தை விட மாட்டார்களாம். ப்ரியா இதைக் கண்ணாடிக்கு வெளியே பிடித்துக் காட்டுவாள். ஆகவே பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. இந்த வாக்கியத்தை எழுதும் அளவுக்கு நான் தேறியிருக்கிறேன்.

ஊசி நாட்களில் ப்ரியாவுக்கு வலிதான். "மாமா, இடுப்பெலும்புக்குள்ள உக்காந்து யாரோ அம்மி கொத்தற மாதிரி இருக்கு" என்றாள். வலி மாத்திரையும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுத்தோம். பிழிந்த பாலைக் கழுவுதொட்டியில் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கொல்லைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள். அந்தச் செடியில் இப்போதைக்கு இலை பறிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அளவு மீறிய எச்சரிக்கையாக இருக்கலாம். இரண்டாவது மருந்து தேவைப்படவில்லை. ஒரே நாளில் வேண்டிய செல் கிடைத்துவிட்டது.

மாளவிகா பட்டினி கிடக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் மட்டும் தாயின் தோளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். ப்ரியாவும் அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கவிளைவுகளை முதலிலிருந்து படித்தேன். குடித்தாள். இன்று காலை டாக்டர் அனுமதி கொடுத்தார். மறுபடி தாயிடம் குடிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு வேலை போய்விட்டது.

உங்களுக்குள் சிவப்பாக ஒரு பை இறங்கியதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். பையின்மேல் ப்ரியாவின் எண்ணையும் உங்கள் பெயரையும் ஒட்டியிருந்தார்கள். சரிபார்த்தேன்.

ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறோம்.

கஸ்தூரிரங்கன்


பொழிச்சலூர்
27.9.2025

சம்பந்தி அவர்களுக்கு,

ஒட்டிக்கொண்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நீங்கள் வராந்தாவில் யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்ததை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் தெரியும்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. தலையில் மயிர் பொடிப்பொடியாக வருகிறது. மாளவிகா தடவிப் பார்த்துவிட்டுத் தன் தலையையும் தடவிக்கொள்கிறாள். இருவருக்கும் ஒரே அளவுதான். சில மாதத்தில் என் ரத்தப் பிரிவே ப்ரியாவுடையதாக மாறிவிடுமாம்.

ஆனால் இந்த ப்ரியாவைப் பற்றி உங்களிடம் முறையிட வேண்டும். பச்சைக் காய் கூடாது, வெளியில் அறுத்த பழம் கூடாது, நேற்றுச் சமைத்தது கூடாது என்று எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறாள். பலாச்சுளை வேண்டும் என்று ஆசைக்குச் சொன்னேன். "சீசனே இல்லம்மா. இருந்தாலும் கிடையாது. பத்தியம்னா பத்தியம்தான்" என்கிறாள், அப்படியே என் குரலில். என் ரத்தம் அவளிடம் போனதா, அவள் ரத்தம் என்னிடம் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஆகவே அந்தரங்கமாக ஒன்று கேட்கிறேன். ஜூன் மாதம் ஜங்ஷன் கடையில் ஒருத்தி பாவம் என்று உங்கள் கை பர்ஸுக்குப் போயிற்றே, அது இன்னொரு முறை போகுமா? சின்ன கப் போதும். ப்ரியாவுக்குத் தெரிய வேண்டாம்.

பேச்சு உண்டு. போன் செய்யலாம்.

நாகலக்ஷ்மி


ராஜகீழ்ப்பாக்கம்
29.9.2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாளுக்கு,

போனை எடுத்தேன். முதலில் என்ன சொல்வது என்று முடிவாகாததால் இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஜீவிதாவிடம் கேட்டேன். கடையில் அள்ளிப் போடுவது கூடாது. கம்பெனி மூடி உடையாத கப் என்றால், அடுத்த மாதப் பரிசோதனை சரியாக இருந்தால், கொடுக்கலாம் என்றார். ப்ரியாவுக்குத் தெரியக் கூடாது என்றீர்கள். அவளைக் கேட்காமல் எந்த ஊசியும் போடாத டாக்டர், ஐஸ்கிரீமையும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் அனுமதித்தார். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். சின்ன கப் என்றால்.

நேற்றே வாங்கிவிட்டேன். எங்கள் பிரீசரில் மேல்தட்டில் இருக்கிறது. தாள் ஒட்டியிருக்கிறேன். இந்த முறை கூச்சப்படவில்லை. "நாகலக்ஷ்மி. மற்றவர்கள் தொட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன்.

கஸ்தூரிரங்கன்